இனிப்பு நீரும் இரத்தக் குழாய்களும்

இனிப்பு நீர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நீரிழிவு, வலி காட்டாமல் வளரும் நோய். மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் நூற்றுக்கு 15.6 பேருக்கு இந்நோய் இருந்தது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கெடுவது என்ன? நம் இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஓர் உயிரணு கனத்தில் மெல்லிய படலம் உண்டு. குழாய் விரிந்து கொடுக்கவும், உள்ளே இரத்தம் உறையாதிருக்கவும் அதுவே துணை. மிகுதியான சர்க்கரை இப்படலத்தைப் பழுதாக்குகிறது. குழாய்ச் சுவரின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு சுவரை விறைக்கச் செய்கிறது.

சிறு குழாய்கள் கெட்டால் விழித்திரையில் இரத்தம் கசியும், சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் இறங்கும், நரம்புகள் உணர்விழக்கும். பெரிய குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும். கால் மரத்து, இரத்த ஓட்டமும் குறைந்தவருக்குச் செருப்புக் கடித்த புண் தெரியாது. எளிதில் ஆறவும் ஆறாது. முற்றினால் காலையே இழக்க நேரிடலாம்.

சர்க்கரையின் ஒட்டும் குணமே சோதனைக்கும் உதவுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வெளிப்பட்டுவிடும். முதல் நாள் மட்டும் தே தாரிக்கை ஒதுக்கி டாக்டரை ஏமாற்ற முடியாது!

ஆகவே, மருந்தை நாமாக நிறுத்தாமல், ஆண்டுதோறும் கண்ணையும் சிறுநீரையும் சோதிப்போம். நாள்தோறும் பாதங்களைப் பார்ப்போம்.