பிள்ளைகள் போகும் மென்பொருள் கூட்டங்கள்: பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

போன மாத உரை ஒலிபரப்பாகி முடிந்த கையோடு ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, இவன் ரண்டு நாள் இரவிரவா ஏதோ ஹக் பண்ணப் போறானாம். தகப்பன் விடமாட்டன் எண்டு நிக்கிறார். பொலிஸ் பிரச்சினை ஏதும் வருமோ?" என்று கேட்டார். மகனுக்கு வயது 24. படிப்பை இடையில் விட்டவர். தகப்பனுடைய ஸ்பொன்சரில்தான் விசா இருக்கிறது.

அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் கணக்காளன், மென்பொருள் எழுதத் தெரியாது. ஆனால் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுடன் துணைக்குப் போய்ப் பின் வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தகப்பனைப் பயமுறுத்திய சொல். ஹக் என்றால் பத்திரிகையில் வரும் வங்கிக் களவுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். கணினிக்காரர்களிடம் அதற்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. ஒரு சிக்கலைக் கைவேலைத் திறமையால் அவிழ்ப்பதையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதோடு மரதன் ஓட்டத்தின் வால் சேர்ந்து வந்ததுதான் ஹக்கத்தோன். 1999 ஜூனில் கனடாவின் கல்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி என்ற மென்பொருளை எழுதியவர்கள் பத்துப் பேர் கூடி வேலை செய்த கூட்டத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இரகசியக் குறியீட்டு மென்பொருளை ஏற்றுமதி செய்ய அப்போது அமெரிக்காவில் சட்டச் சிக்கல் இருந்தபடியால் கனடாவில் கூடினார்களாம். சட்டத்துக்குள் நின்று வேலை செய்யவே இடம் மாறியிருக்கிறார்கள்.

இன்று நடக்கும் ஹக்கத்தோனில் மூன்று நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்வார்கள். ஒரு பிரச்சினை கொடுக்கப்படும். 24 அல்லது 48 மணித்தியாலத்துக்குள் அதற்கு ஒரு மாதிரி மென்பொருளைச் செய்து நடுவர்களுக்கு ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அபுதாபியில் உள்ள நியூயோர்க் பல்கலைக்கழக வளாகம் 2011 முதல் இப்படியொன்றை நடத்தி வந்திருக்கிறது. அதில் சமூக நலன் சார்ந்த வேலைகளுக்குத்தான் முதலிடம்.

ஆனால் தகப்பனின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த நாட்டின் 2021ஆம் ஆண்டு 34ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அனுமதியில்லாமல் ஒருவருடைய இணையத்தளத்துக்குள்ளோ கணினிக்குள்ளோ நுழைவது குற்றம். 'சும்மா சோதித்துப் பார்த்தேன்' என்ற பதில் எடுபடாது. ஆகவே பிள்ளையிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்தக் கணினியில், யாருடைய அனுமதியோடு வேலை? ஒழுங்கான போட்டியில் அதை எழுத்தில் தருவார்கள்.

ஹக்கத்தோன் வருடத்தில் ஒன்றிரண்டுதான் வரும். மாதாந்தச் சந்திப்பு இன்னும் சாதாரணமானது. வேலை முடிந்த மாலையில், ஒரு நிறுவனத்தின் மண்டபத்தில், நாற்பது ஐம்பது பேர். ஒருவர் அரை மணித்தியாலம் பேசுவார். அனேகமாகத் தான் விட்ட பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும்தான் சொல்வார். பிறகு கேள்விகள், பீட்சா, அறிமுகங்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். முதல் தடவை தாயோ தகப்பனோ கூடப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நான் போய் இருந்ததுக்கும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஏன் எப்போதும் ஒரு நிறுவனத்தின் கூரைக்குக் கீழே என்று கேட்கலாம். இங்கே நாங்கள் நினைத்தபடி சங்கம் தொடங்க முடியாது. அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் பொதுவில் நன்கொடை சேர்க்கவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையத்துக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போன பழக்கத்தில் 'ஆளுக்கு 20 திர்ஹம் போடுவோம்' என்று வட்ஸ்அப்பில் ஒரு பிள்ளை எழுதினால் அதுவே சிக்கலாகலாம். மண்டபமும் சாப்பாடும் நிறுவனத்தின் செலவில் நடந்தால் அந்தக் கவலை இல்லை. ஒரு அறிவித்தலில் நடத்துகிறவர் யார், இடம் எது, பேசுகிறவர் யார் என்பவை தெளிவாக இல்லாமல் 'முற்பணம் கட்டவும்' என்பது மட்டும் தெளிவாக இருந்தால், அதற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

பர் துபாய்க்காரருக்குக் கணினி உலகம் புதிதல்ல. காலித் பின் வலீத் வீதியின் ஒரு பக்கம் வங்கிகள், மற்றப் பக்கம் கணினிக் கடைகள் என்றிருந்த காலம் எங்களுக்குத் தெரியும். அல் ஐன் சென்ரரில் மடிக்கணினி திருத்தாத குடும்பம் குறைவு. 1981இல் உலக வர்த்தக மையத்தில் சிறிய கண்காட்சியாகத் தொடங்கியதுதான் பின்னர் ஜிடெக்ஸ் ஆகியது. முன்பு நடந்த ஜிடெக்ஸ் ஷொப்பரில் மலிவு விலைக்கு வரிசையில் நின்றவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். துபாய் இன்ரநெற் சிற்றியை 1999 ஒக்டோபரில் அறிவித்து அடுத்த ஒக்டோபரிலேயே திறந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கணினியை விற்றார்கள், திருத்தினார்கள், அதில் கணக்கு எழுதினார்கள். மென்பொருளை எழுதுகிறவர்களாக எங்கள் பிள்ளைகள் வருவது பிந்திய கதை.

அரசாங்கமும் இதைத் தேடுகிறது. 2021 ஜூலையில் தேசிய நிரலாளர் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து வருடத்தில் ஒரு லட்சம் நிரலாளர்களைப் பயிற்றுவதும் வெளியிலிருந்து வரவழைப்பதும் இலக்கு. ஒரு லட்சம் கோல்டன் விசாக்கள் என்ற அறிவிப்பும் அப்போதுதான் வந்தது. அதே வருடம் கோடர்ஸ் எச்கியூ என்ற சந்திப்பு நிலையத்தை எமிரேட்ஸ் டவர்ஸில் அமைத்தார்கள். புர்ஜுமானில் மெற்றோ ஏறினால் அது சிவப்புத் தடத்தில் நான்காவது நிறுத்தம். ஒக்டோபர் 29ஐ நிரல் எழுதும் நாளாகக் குறித்திருக்கிறார்கள், 2001இல் துபாய் மின் அரசாங்கம் தொடங்கிய நாள் அது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்தக் கூட்டங்களுக்குப் போகும் பிள்ளைகள் திறந்த மூலம் என்று ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். யாரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியபடி பகிரங்கமாக வைத்திருக்கும் மென்பொருள் அது. அதன் கணக்குப் புத்தகத்துக்குக் 'கிட்' என்று பெயர். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. எங்கள் கட்டடத்துப் பெடியன் ஒருவன் அதை எனக்கு விளக்கியபோது 'இது எங்கள் பேரேடு அல்லவா' என்றேன். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவு. யார் செய்தது, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்கு என்று மூன்றும் அதில் இருக்கும். பிழையாக எழுதியதை அழிப்பது மரியாதையில்லை, எதிர்ப் பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். முந்தைய பதிவிலிருந்து கணக்கிட்ட ஒரு இலக்கம் அடுத்த பதிவில் ஏறும், முன் கொண்டுவந்த மீதி போல. இடையில் ஒரு வரியை இரகசியமாக மாற்றினால் அதற்குப் பிறகு வரும் இலக்கம் எல்லாம் உதைக்கும். இப்படியொரு புத்தகம் முப்பது வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்திருந்தால் எத்தனை கணக்காய்வாளர்களிடமிருந்து தப்பியிருப்பேன்!

பேரேட்டுக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பேரேடு ஒரு கந்தோரில் இருக்கும். கிட் புத்தகத்தின் முழுப் பிரதியும், ஆரம்ப நாள் தொடக்கம் இன்று வரை, வேலை செய்கிற ஒவ்வொருவருடைய கணினியிலும் இருக்கும். ஒரு இடம் எரிந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஒரே பிரதியாக இருந்தவை என்னவாயின என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்ததற்கும் அந்த நினைவுதான் பின்னணி.

காகிதம் போன கதை எங்கள் எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது நான் தூக்கியது அம்மாவையும் ஒரு சூட்கேசையும். பட்டச் சான்றிதழ் அலுமாரியிலேயே நின்றுவிட்டது. இங்கே வந்து முதல் வேலைக்கு விண்ணப்பித்த கந்தோரில், 'படித்ததற்கு என்ன சாட்சி?' என்று கேட்டார்கள். வணிகப் பட்டதாரி எழுதுவினைஞர் சம்பளத்தில் இரண்டு வருடம் இருந்தேன். இன்றைய பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கிறது. தான் எழுதியதை, அதை ஏற்றுக்கொண்டவரின் பெயரோடும் தேதியோடும், எந்த நாட்டிலிருந்தும் ஒரு இணைப்பாகக் காட்டலாம். கடவுச்சீட்டு எந்த நிறம் என்று அது கேட்பதில்லை. இடையில் விட்ட படிப்பும் அதில் தெரியாது.

இது கற்பனையல்ல. கூகிள் 2005இல் தொடங்கிய 'சமர் ஒஃப் கோட்' திட்டத்தில் மாணவர்கள் கோடை காலத்தில் திறந்த மூல மென்பொருளில் வேலை செய்து உதவித்தொகை பெற்றார்கள். அதில் பல வருடங்கள் உலகிலேயே அதிகம் பேரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 முதல் மாணவர் அல்லாத, 18 வயது கடந்த புதியவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தன்னார்வ அமைப்பு 2012 தொடக்கம் யாழ் கீக் சலஞ் என்ற போட்டியை நடத்தி வந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவோடு. ஊரில் உள்ள சகோதரங்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சுவிஸில் உறவினர் இருந்தால், 2017இல் பேர்ன் நகரில் தொடங்கிய பவர்கோடர்ஸ் அகதிகளாக வந்தவர்களுக்கென்றே நிரல் எழுதக் கற்பித்து நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேர்க்கும் அமைப்பு.

இங்கே கிட்டிய வழி, '42 அபுதாபி'. 2013இல் பாரிஸில் தொடங்கிய 42 பள்ளியின் கிளை. படிப்புக் கட்டணம் இல்லை. ஆசிரியரும் இல்லை, மாணவர் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வார்கள். பட்டம் கேட்பதில்லை. நான்கு வாரம் அளவில் 'பிஸீன்' என்ற கடும் சோதனைக் காலம் உண்டு. பிரெஞ்சில் நீச்சல் தடாகம் என்று பொருள். தள்ளிவிட்டுத்தான் நீந்தப் பழக்குவார்கள் போலும். அபுதாபியில் தங்கும் செலவையும் போக்குவரத்தையும் முதலே கணக்குப் போட்டுப் பாருங்கள், இலவசம் என்ற சொல்லுக்குள் அவை வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திறந்த புத்தகம் நேர்முகத்துக்கு அழைப்பு வாங்கித் தரும். வேலை அனுமதி போடும் இடத்தில், திறமையான தொழில் என்ற வகைக்கு, உறுதிப்படுத்திய சான்றிதழ் இன்னமும் கேட்கப்படுகிறது. ஆகவே தொலைந்த காகிதத்தையும் எடுத்து வையுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைக் கொழும்பில் உள்ள பரீட்சைத் திணைக்களம் மறுபடி அத்தாட்சிப்படுத்தித் தருகிறது. வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை உண்டு, கொழும்புக்கு ஓட வேண்டிய அவசியம் முன்பு போல இல்லை.

வயதுக் கணக்கும் முக்கியம். 2022 ஒக்டோபரில் வந்த விதிகளின்படி மணமாகாத மகனைப் பெற்றோர் 25 வயது வரை ஸ்பொன்சர் செய்யலாம். அதற்கு முன் அந்த எல்லை 18. மணமாகாத மகளுக்கு வயதெல்லை இல்லை. தொலைபேசியில் பேசிய தாயின் மகனுக்கு மிச்சம் இருப்பது ஒரு வருடம்கூட இல்லை. அந்தக் காலத்துக்குள் வேலையோ வேறு விசாவோ அமைய வேண்டும். இரண்டு இரவுப் போட்டியைத் தகப்பன் தடுத்தால் பிள்ளை பத்திரமாக வீட்டில் இருப்பான், உண்மை. வேலை கொடுக்கக்கூடிய ஐம்பது பேர் அவனைப் பார்க்காமல் போவார்கள் என்பதும் உண்மை. நான் தகப்பனோடு அரை மணித்தியாலம் பேசினேன்.

கூட்டத்தில் அறிமுகமான ஒருவர் 'சின்ன வேலை ஒன்று செய்து தா, பணம் தருகிறேன்' என்றால் உடனே ஓம் சொல்ல வேண்டாம். பெற்றோர் விசாவில் இருப்பவரும் அனுமதி எடுத்துத்தான் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். வேலையில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதும் மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பிரிவை வாசித்துவிட்டே வெளியில் எழுத வேண்டும். போட்டி விதிகளிலும் அதே வரியைத் தேடுங்கள். பரிசு 5,000 திர்ஹம், ஆனால் மென்பொருள் முழுக்க நடத்துபவருக்கு என்று எழுதியிருந்தால் அது பரிசல்ல, விலை.

கோல்டன் விசா எடுத்துத் தருகிறோம் என்று வரும் தரகர்களைப் பற்றித் தனி உரை போடலாம். 2025 ஜூலையில் ஒரு லட்சம் திர்ஹத்துக்கு ஆயுட்காலக் கோல்டன் விசா என்று பரவிய செய்தியை அடையாள, குடியுரிமை அதிகாரசபையே மறுத்து அறிக்கை விட்டது. விண்ணப்பம் அரச வழிகளில் மட்டும்தான்.

எனக்குப் பேரேடு விளக்கிய பெடியனின் முதற் பதிவு என்ன தெரியுமா? ஒரு சொற்செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஐப்பசி' என்ற மாதப் பெயரில் இருந்த எழுத்துப் பிழை. மூன்று வரித் திருத்தம். பதினொரு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அன்று இரவு கீழ்மாடிக்கு ஓடி வந்து கைப்பேசியில் தன் பெயரையும் தேதியையும் எனக்குக் காட்டினான். அடுத்த சந்திப்பு எப்போது என்று அவனிடம் கேட்டு நிலையத்துக்கு எழுதுகிறேன், அறிவித்தல் பகுதியில் வாசிப்பார்கள்.