ஏட்டுச் சுவடியும் அச்செழுத்தும்

1450ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் மெயின்ஸ் நகரில் கூட்டன்பர்க் செய்த புதுமையின் உயிர்நிலை, அழுத்தும் பொறியன்று. ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றின் கலவையைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் தனியே வார்த்ததேயாம். ஒரு பக்கம் அச்சானபின் எழுத்துகளைப் பிரித்து, மறுபக்கத்திற்குக் கோக்கலாம். சீனமும் கொரியாவும் தனியெழுத்து முறையை முன்னரே அறிந்திருந்தன.

இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே நம் நாட்டில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது, திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கத் தமிழ் நூல். தமிழெழுத்து 247 எனினும் அத்தனை அச்சுகள் வேண்டுவதில்லை. 'கெ', 'கை' முதலியவற்றின் முற்குறிகள் தனியச்சாக நின்று எல்லா மெய்களுக்கும் உதவும். 'கு', 'கூ' போன்ற வரிசைகளே வார்ப்போர்க்குச் சிரமம் தந்தவை.

திருவனந்தபுரத்தில் 1836இல், சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், அரசாங்க அச்சகம் ஏற்பட்டது. அச்சின் பயனை இந்நகரத்தார் கண்கூடாகக் காண ஒரு வாய்ப்பு 1912இல் நேர்ந்தது. பாசன் என்னும் நாடக ஆசிரியரைக் காளிதாசர் பெயர் சொல்லிப் போற்றியுள்ளார். ஆயினும் அவருடைய நாடகங்கள் மறைந்தன என்றே அறிஞர் கருதியிருந்தனர். திருநெல்வேலியை அடுத்த தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்தின் அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டார். அதில் இருந்தவற்றையும் பின்னர்க் கிடைத்தவற்றையும் சேர்த்து, 13 நாடகங்களைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் 1912 முதல் வெளியிட்டார். ஒரு மடத்துப் பரணில் செல்லுக்கு இரையாகியிருக்கக்கூடிய ஏடு, சில ஆண்டுகளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயிலப்பட்டது. அவை யாவும் பாசன் இயற்றியனவா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை; அவ்விவாதம் எழுவதற்கும் அனைவர் கையிலும் ஒரே பாடம் இருத்தல் வேண்டுமன்றோ?

ஓலையைப் படியெடுக்கும்தோறும் புதுப்பிழைகள் நுழையும். அச்சு பிழையை ஒழிப்பதில்லை. எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிறது. அதனால் திருத்தம் எளிதாகிறது.

ஆசிரியர்கள் உருளைக்கிழங்குத் துண்டில் 'ழ' என்பதை இடவல மாற்றமாகச் செதுக்கி, மைதொட்டுப் பதித்துக் காட்டினால், மாணவர்க்கு அச்சின் தத்துவம் எளிதில் விளங்கும். களப்பணியாளர்கள் வீடுகளில் பழைய ஏடுகளைக் காண நேர்ந்தால், ஒட்டியுள்ள ஓலைகளைப் பிரிக்கவோ வெயிலில் உலர்த்தவோ விடாமல், காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்திற்குத் தெரிவிக்கலாம்.