ஐசோயிட்டிஸ் லாகஸ்ட்ரிஸ்

ஐசோயிட்டிஸ் லாகஸ்ட்ரிஸ் என்பது வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் உள்ள குளிர்ந்த, தெளிந்த, ஊட்டச்சத்துக் குறைந்த ஏரிகளின் அடியில் வளரும் தாவரம் ஆகும். பூவும் விதையும் இல்லாத இது ஸ்போர்கள் மூலம் இனப்பெருக்கம் செய்கிறது. லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயரிட்டார். பார்வைக்குப் புல் போலிருந்தாலும் புல்லுக்கும் இதற்கும் உறவில்லை. செலாஜினெல்லா, லைக்கோபோடியம் ஆகியவையே இதன் உறவினங்கள். இதே பேரினத்தின் மற்றோர் இனமான ஐசோயிட்டிஸ் கோரமண்டலினா, சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கியுள்ளது.

குட்டையான, கிழங்கு போன்ற தண்டிலிருந்து விறைப்பான கரும்பச்சை இலைகள் கொத்தாக எழுகின்றன. அவை பெரும்பாலும் 8 முதல் 20 செ.மீ. நீளமுடையவை. ஒவ்வோர் இலையின் உள்ளேயும் நான்கு காற்றுக் குழல்கள் நெடுக ஓடுகின்றன. அகன்ற இலையடியில் ஸ்போரகம் உள்ளது. பெரிய ஸ்போர்கள் வெறுங்கண்ணுக்கே வெண்மணிகளாகத் தெரியும். அவற்றின் மேற்பரப்பில் வரம்பு போன்ற மேடுகள் இருக்கும்; நெருங்கிய இனமான ஐசோயிட்டிஸ் எக்கினோஸ்போராவில் முட்கள் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே நம்பகமான அடையாளம்.

இத்தாவரத்தின் உண்மையான வியப்பு அதன் வேரில் இருக்கிறது. இத்தகைய ஏரிநீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. மட்கும் பொருள்கள் நிறைந்த அடிமண்ணிலோ அது பன்மடங்கு அதிகம். எனவே இத்தாவரம் அதை வேர் வழியாக எடுத்து, காற்றுக் குழல்கள் மூலம் இலைகளுக்கு அனுப்புகிறது. ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் அதே வழியில் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஆக்சிஜனேற்றமடையும் இரும்பு, பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தான் வாழ ஏற்ற வறிய நீரை இத்தாவரமே ஓரளவு காத்துக்கொள்கிறது எனலாம்.

இரவிலும் கார்பன் டை ஆக்சைடை எடுத்து மாலிக் அமிலமாகச் சேமித்துப் பகலில் பயன்படுத்துகிறது. நீரைச் சிக்கனப்படுத்தக் கள்ளிகள் கையாளும் முறை இது. நீருக்குள்ளேயே வாழும் செடிக்கு எதற்கு? இங்கே பஞ்சம் நீருக்கன்று, கார்பனுக்கு. இப்பேரினத்தில் இம்முறை இருப்பதை, கலிபோர்னியாவின் ஐசோயிட்டிஸ் ஹோவெல்லி என்ற இனத்தில் ஜான் கீலி 1981-இல் வெளியிட்டார்.

உரமும் கழிவுநீரும் ஏரியில் கலந்தால் பாசிகள் பெருகி ஒளியை மறைக்கின்றன. மெதுவாக வளரும் இத்தாவரம் அவற்றோடு போட்டியிட முடியாது. அமில மழையும் ஊறு செய்கிறது. செக் நாட்டின் செர்னே ஏரியில் அமிலத்தன்மையும் கரைந்த அலுமினியமும் மிகுந்தபோது முதிர்ந்த செடிகள் தாக்குப்பிடித்தன. ஆனால் ஸ்போர்களிலிருந்து இளஞ்செடிகள் தலையெடுக்கவில்லை. அடித்தளம் பசுமையாகத் தெரிந்த அந்த ஏரியில் அடுத்த தலைமுறை இல்லாமலிருந்தது.