நிறக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வருமா?

"பிள்ளைக்குப் புத்தகத்தில் எழுத்து ஆடுகிறதாம், கலர் கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமாம். டிரஸ்டில் உதவி கிடைக்குமா?" என்று சில மாதங்களாகப் பெற்றோர் நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். கேட்கும் தொகை சிறியதல்ல. ஆகவே நாங்கள் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

யோசனை பழையதுதான். கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஹெலன் இர்லன், வெள்ளைத் தாளின் வெளிச்சம் சிலருக்கு வாசிப்பைக் கெடுக்கிறது என்று 1983-இல் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஏற்ற நிறத்தில் கண்ணாடி கொடுக்கும் முறையையும் தொடங்கினார். பல நாடுகளில் இன்றும் அது நடக்கிறது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இதனால் வாசிப்புக் குறைபாடு தீரும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்கிறது.

காரணம் எளிது. டிஸ்லெக்சியா பெரும்பாலும் கண்ணில் உள்ள கோளாறல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம். பள்ளிப் பாடத்தில் தடுமாறும் பிள்ளை மதரஸாவில் ஓதும்போதும் தடுமாறலாம். அதைச் சோம்பேறி என்று அடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒலியையும் எழுத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிதான் பலன் தரும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கண்ணாடிக் கடையில் அது கிடைக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.

நிறம் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதை மறுக்க வேண்டியதில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நிறப் பிளாஸ்டிக் தாளைப் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும். இதமாக இருப்பது வேறு, வாசிக்கக் கற்பது வேறு.

வெளிச்சம் பட்டாலே கண் கூசுவது தனி விஷயம். இதில் நிறக் கண்ணாடிக்கு உண்மையான இடம் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்கு எஃப்.எல்.-41 எனும் இளஞ்சிவப்புக் கண்ணாடி உதவுகிறது. நீலமும் பச்சையும் கலந்த ஒளியை அது குறைக்கிறது. பிறவியிலேயே நிறமி குறைந்தவர்களுக்கும் நிறக் கண்ணாடி துணை செய்யும். ஆனால் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் கூடும்.

திடீரென்று கூச்சம் வந்து, கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கூடவே காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். கைக்குழந்தை வெளிச்சத்தில் முகம் திருப்பி, கண்ணீர் வடித்து, கருவிழியும் பெரிதாகத் தெரிந்தால் கண்ணழுத்த நோயா என்று பார்க்க வேண்டும். தாமதித்தால் பார்வையே போய்விடும்.

ஆகவே வாசிப்புக்காக நிறக் கண்ணாடி வாங்க நம் டிரஸ்ட் பணம் தராது. கண் பரிசோதனை, பவர் கண்ணாடி, சிறப்புப் பயிற்சி ஆசிரியரின் கட்டணம் ஆகியவற்றுக்குத் தருவோம். கண் கூச்சத்துக்காக மருத்துவர் நிறக் கண்ணாடி எழுதிக்கொடுத்தால் அதற்கும் தருவோம். அந்தச் சீட்டையும் பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையையும் கொண்டுவாருங்கள்.