கொடியேறும் முன்பு

பனமலை, செஞ்சி பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்கள் பலவற்றில் சாமியார் தங்குவதில்லை. பங்குத்தந்தை இருப்பது தாய்ப்பங்கில். கிளைக் கிராமத்துக்கு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் சாவி உபதேசியார் வீட்டு ஆணியில் தொங்கும். மணியடிப்பது, மாலையில் செபமாலைக்குத் திறப்பது, திருவிழா வந்தால் மைக்செட்காரரிடம் பேசுவது, உண்டியலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் ஒருவர்தான். அவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனாலும் எல்லாப் பொறுப்பும் ஒரே ஆளின் தலையில் இருப்பது கோயிலுக்கும் ஆபத்து, சனங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. எதையும் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது. கோயில் பாதுகாப்பில் நான் முதலில் சொல்ல வருவது இதைத்தான்.

பாதுகாப்பு என்றதும் திருடனும் கேமராவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என் பயமெல்லாம் தலைக்கு மேலே போகிற மின்கம்பியைப் பற்றியது. 2025 மார்ச் 1ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் அந்தோணியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. திருவிழா வேலைக்காக உயரமான இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது உயரழுத்த மின்கம்பியில் பட்டு நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி கம்பியில் உரசியதில் 11 பேர் போனார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். மதம் எதுவானாலும் திருவிழாவும் கம்பியும் இப்படித்தான் சந்திக்கின்றன.

ஊரில் போகிற 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும். போன வருஷம் இதே சப்பரம் தாராளமாகப் போயிற்றே என்பதும் கணக்கில் சேராது. இடையில் சாலையை ஒருமுறை உயர்த்திப் போட்டிருப்பார்கள், கம்பி வெயிலில் தொய்ந்திருக்கும், இளைஞர்கள் இந்த வருஷம் சப்பரத்தின் உச்சியில் புதிதாக ஒரு சிலுவையும் வண்ண விளக்கும் வைத்திருப்பார்கள். ஆகவே அலங்காரம் முடிந்த பிறகுதான் சப்பரத்தின் உயரத்தை அளக்க வேண்டும். கம்பியின் உயரத்தை மின்வாரிய ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரும் கம்பை நீட்டி அளக்கப் போகக் கூடாது. கொடியேற்றத்துக்கு முன்பே உதவி மின்பொறியாளர் அலுவலகத்தில் தேர்பவனிப் பாதையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த நேரத்துக்கு லைனை நிறுத்துவார்கள். நிறுத்தியாயிற்று என்று லைன்மேன் வாயால் சொன்ன பிறகே சப்பரம் நகர வேண்டும். தூக்குகிறவர்களுக்குத் தோளில் பாரம், முன்னால் கூட்டம், காதில் பேண்டு சத்தம். அண்ணாந்து பார்க்க அவர்களால் முடியாது. மேலே மட்டும் பார்த்துக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும். அவர் "நில்லு" என்றால் பேண்டும் நிற்க வேண்டும், சாமியாரும் நிற்க வேண்டும். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் லைனை நிறுத்தும்வரை யாரும் அவரைத் தொடக் கூடாது. காப்பாற்றப் பாய்கிறவர்தான் அடுத்து விழுகிறார்.

உண்டியல் விஷயம் எளிது. பூட்டு இரண்டு, சாவி இரண்டு வீட்டில். திறக்கும்போது குறைந்தது மூன்று பேர் இருந்து, அங்கேயே எண்ணி, கையெழுத்துப் போட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிட வேண்டும். மாதா சுரூபத்துக்கு வந்த நகைகளையும் எடைபோட்டுப் படமெடுத்து நோட்டில் ஏற்றுங்கள்.

ஆனால் கோயிலின் பெரிய சொத்து பீரோவுக்குள் கிடக்கிற ஞானஸ்நானப் பதிவேடும் நிலப்பத்திரமும்தான். ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதிக்கு அந்தப் பதிவேட்டு வரியைத் தவிர வேறு சான்று கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. கீழ்த்தட்டில் வைத்த நோட்டு அந்த மாதிரி மழையில் கூழாகிவிடும். பதிவேடுகளை மேல்தட்டில் வைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: 8ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் உமையின் உருவம்தான் ஓரளவு தெளிவாக மிஞ்சியிருக்கிறது. போனதைத் திரும்ப வரைய முடியாது.

வெளியாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து குழந்தைகள் வெளியே வந்திருந்தார்கள். பையோடு வந்த அறிமுகமில்லாத ஒருவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் நிறுத்தி விசாரித்தார், உள்ளே விடவில்லை. குண்டு வெளியே வெடித்தது. அவரும் பல குழந்தைகளும் உட்பட சுமார் 30 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். நம் கிராமத்துக் கோயிலுக்கு அப்படி நேரும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் பெரிய பூசை நாளில் ஊர்முகம் தெரிந்த இருவர் வாசலில் நின்று, புதிதாக வருகிறவரை "வாங்க, எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்று அன்போடு கேட்பது எந்தக் கேமராவையும்விட மேல்.

சில ஆபத்துகள் வெளியிலிருந்து வருவதில்லை. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூர் அன்று விழுப்புரம் மாவட்டம். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். அதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த மோதலில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்களுக்குள் நடந்தது இது. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவில் திரும்பிவிடும் என்பதுதான் பல ஊர்களில் நெருப்பு பற்றுகிற இடம். எல்லாத் தெருவுக்கும் போகாத சப்பரத்துக்கு எத்தனை போலீஸ் நின்றாலும் அது பாதுகாப்பான திருவிழா ஆகாது. பங்குப் பேரவையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கடைசியாகக் குழந்தைகள். பீடச் சிறுவர்கள், பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு, விடுதி என்று கோயிலைச் சுற்றிப் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். பெற்றோர் நம்பி அனுப்புகிறார்கள். உதகை மறைமாவட்டத்துக் குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுமியிடம் பாலியல் குற்றம் செய்ததை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அவர்மீதிருந்த திருச்சபை இடைநீக்கம் விலக்கப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "சாமியார்மேல் விரல் நீட்டினால் பாவம்" என்று குழந்தையின் வாயை அடைக்கும் பழக்கம் நம்மிடம்தான் இருக்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இட்ட ஆணை குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் புகார் தருவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆயரிடம் சொல்லிவிட்டோம் என்பதால் காவல் நிலையத்துக்குப் போகும் கடமை தீராது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதும் குற்றத்தை மூடிவைப்பதும் ஒன்றுதான். பிள்ளையின் பெயரை யாரும் வெளியே சொல்லவும் கூடாது.

குருவோ, உபதேசியாரோ, சிஸ்டரோ, ஆசிரியரோ, யாரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். சுற்றுலாவுக்குப் போனால் பெற்றோரில் ஒருவரும் கூடப் போகட்டும். பூசை நேரம் எழுதிய பலகையிலேயே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பெரிதாக எழுதி, அதை எப்போது கூப்பிடலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடமே சொல்லிக் கொடுங்கள்.