மணப்பட்டாணி இலங்கைப் பூவா?

ஆங்கிலேயர் 'சுவீட் பீஸ்' என்று அழைக்கும் பூவைத் தமிழில் மணப்பட்டாணி எனலாம். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருப்பது போல் பூக்கும். தேனும் தோடம்பூவும் கலந்தாற்போல் மணக்கும். இலை நுனியிலுள்ள மெல்லிய தந்துகளால் கம்பைச் சுற்றிப் பிடித்து ஏறும்.

இந்தப் பூவுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1699இல் பிரான்சிஸ்கோ குப்பானி என்ற துறவி இதன் விதைகளைச் சிசிலித் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆனால் 1737இல் ஆம்ஸ்டர்டாமில் யொஹானஸ் பர்மன் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் இதே பூ இலங்கைக்குரியதாக இடம்பெற்றது. அதைப் பின்பற்றி 1753இல் லின்னேயஸ், சிசிலி வகை, இலங்கை வகை என இரண்டைக் குறித்தார். பெரியவர் எழுதியதைப் பலரும் அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

உண்மை என்ன? இந்தச் செடி நமது காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. இதன் தாயகம் சிசிலியும் தென் இத்தாலியும்தான். குளிர்காலத்து ஈரத்தில் வளர்ந்து, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும் இயல்புடையது. நுவரெலியாக் குளிரில் இதை வளர்க்கலாம்; வெருகல் வெயிலுக்கு இது தாங்காது. நம் நாட்டின் பெயர் பெருமையாக இருந்தாலும், தவறான பெருமை நமக்கு வேண்டாம்.

உயர்தர உயிரியல் படிப்போருக்கு இப்பூ ஓர் ஆசானும்கூட. 1900களின் தொடக்கத்தில் பேட்சன், சோண்டர்ஸ், புனெட் ஆகியோர் இரண்டு வெள்ளைப்பூச் செடிகளைக் கலந்தபோது ஊதாப் பூக்கள் கிடைத்தன. அடுத்த தலைமுறையில் ஊதாவும் வெள்ளையும் 9:7 விகிதத்தில் வந்தன. ஒரு நிறத்துக்கு இரண்டு பரம்பரையலகுகள் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது இதனால் விளங்கியது. பூவின் நிறமும் மகரந்தமணியின் வடிவமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒன்றாகவே கடத்தப்படுவதையும் அவர்கள் கண்டனர். நாம் பாடத்தில் 'இணைப்பு' என்று படிப்பது இதைத்தான்.

மணப்பட்டாணி இல்லையே என்று நாம் ஏங்கத் தேவையில்லை. அதே குடும்பத்துச் சங்குப்பூ நம் வேலிகளில் நீலமாகப் பூக்கிறது. அதற்கு மணம் இல்லை. தந்துகளும் இல்லை, தண்டே சுற்றி ஏறும். மணப்பட்டாணியில் பெரிய அல்லி மேலே நிற்கும்; சங்குப்பூவில் பூ தலைகீழாகத் திரும்பியிருப்பதால் அது கீழே விரிந்திருக்கும். வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பக்டீரியாக்கள் நைதரசனைப் பதித்து மண்ணையும் வளமாக்கும். பூவை வெந்நீரில் இட்டால் நீர் நீலமாகும். தேசிச்சாறு விட்டால் ஊதாவாகும். அமில, கார மாற்றத்தைத் தம்பி தங்கையருக்குக் காட்ட இதைவிட இலகுவான சோதனை வேறில்லை.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு: மணப்பட்டாணி விதை உண்ணும் பட்டாணியைப் போல் தோன்றினாலும் நச்சுத்தன்மை உடையது. சங்குப்பூ விதையும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இரண்டையும் சிறுவர்களுக்கு எட்டாமல் வையுங்கள்.

சங்குப்பூ விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மாரி மழை தொடங்கும்போது வேலியோரம் ஊன்றுங்கள். முதல் பூ விரிந்ததும் அதன் பெரிய அல்லி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். நூலில் எழுதியிருப்பதைக் கண்ணால் சரிபார்க்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.