முற்றுப்பெறாத கப்பல்

வீடும் கப்பலும் மனிதன் கட்டுவனவே. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பாதியிற் கைவிடப்பட்ட வீட்டிலே ஓரறையையேனும் வேய்ந்துகொண்டு ஒரு குடும்பம் வாழ்ந்துவிடலாம். மிகுதியைப் பின்னொருகாற் கட்டி முடிக்கலாம். பாதியிற் கைவிடப்பட்ட கப்பலோ எவருக்கும் பயன்படாது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வேலை முடிந்த கப்பலில் முக்காற் பங்கு பிரயாணிகளை ஏற்றிச் செல்லல் இயலாது. கடைசி ஆணி இறுகி, கடைசிப் பரிசோதனை தேறி, பத்திரம் கையளிக்கப்படும் நாள்வரை அது துறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்பு மாத்திரமே. கப்பற் கட்டுமானத்திலே தாமதம் என்பது ஏனைய கைத்தொழில்களிற் காணப்படாத கொடுமை உடையதாதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையை அண்மைக் காலத்தில் தெளிவாக விளக்கி நிற்பது, யேர்மனியின் பால்டிக் கடற்கரையிலுள்ள விஸ்மார் நகரில் உருவாகிய ஓர் உல்லாசப் பிரயாணக் கப்பலின் வரலாறாகும். அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் 'குளோபல் ட்ரீம்'. அதாவது உலகக் கனவு. அக்கனவு கண்டவர்களின் கையால் முடிவெய்தவில்லை.

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளுமுன், இத்தகைய கப்பல் எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். பெருங்கப்பல்கள் இன்று அடியிலிருந்து மேலாக ஒரே தொடர்ச்சியாகக் கட்டப்படுவதில்லை. உருக்குத் தகடுகள் வெட்டப்பட்டுப் பல நூறு தொன் நிறையுள்ள பகுதிகளாக ஒட்டப்படுகின்றன. அப்பகுதிகள் துறையிலே ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. முதற் பகுதியைத் துறையில் வைத்தலே பழைய வழக்கை ஒட்டி ஏரா இடும் சடங்காகக் கொண்டாடப்படுகின்றது. உடல் முடிந்தபின் உள்ளே நிகழும் வேலைதான் மிகப் பெரிது. ஆயிரக்கணக்கான அறைகள், சமையற்கூடங்கள், அரங்குகள், நீர்க்குழாய்கள், மின்கம்பிகள், தீத்தடுப்பு ஏற்பாடுகள் யாவும் ஒரு சிறு பட்டினத்திற்கு வேண்டிய அளவில் அமைக்கப்படல் வேண்டும். இறுதியிற் கடலில் வெள்ளோட்டம் விட்டு, இயந்திரங்களின் ஆற்றலையும் பாதுகாப்பையும் சோதித்த பின்னரே கப்பல் கையளிக்கப்படும். இவற்றுள் ஒரு கட்டம் பிந்தினும் அதன்பின் உள்ளவை யாவும் பிந்தும். அதிலும் ஒரு வகையின் முதற் கப்பலே எப்பொழுதும் கடினமானது. அதிலே நேரும் தவறுகளைக் கொண்டே இரண்டாவது கப்பல் விரைவாகக் கட்டப்படுகின்றது.

பணம் செல்லும் வழியும் கவனித்தற்குரியது. ஐரோப்பாவிலே உல்லாசக் கப்பல்களுக்கான ஒப்பந்தங்களிற் பெரும்பாலும் விலையில் நூற்றுக்கு இருபது பங்கு வரையே கட்டுமானக் காலத்திற் செலுத்தப்படும். மிகுதி எண்பது பங்கும் கப்பலைக் கையேற்கும் நாளிலேயே கிடைக்கும். ஆகவே உருக்குக்கும் இயந்திரத்துக்கும் கூலிக்கும் வேண்டிய பெருந்தொகையைக் கட்டுபவர் கடன் வாங்கியே செலவிடல் வேண்டும். கையளிக்கும் நாள் ஆறு மாதம் பிந்துமாயின் அந்த ஆறு மாதத்து வட்டியும் அவர் தலையிலேயே விழும். தாமதம் பணமுடையை விளைக்கும்; பணமுடை மேலும் தாமதத்தை விளைக்கும். இந்தச் சுழலிற் சிக்கி மூழ்கிய கட்டுந்தளங்கள் பல.

விஸ்மார் இச்சுழலை முன்னரும் அறிந்த நகரம். பழைய ஹன்சா வணிகக் கூட்டத்தைச் சேர்ந்த இத்துறைமுக நகரம், ஸ்திரால்சுந்து நகரோடு சேர்த்து 2002ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்குள்ள கட்டுந்தளம் 1946ஆம் ஆண்டிலே சோவியத்துப் படையினரின் கப்பல்களைத் திருத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. கிழக்கு யேர்மனி இருந்த காலத்தில் அரசாங்கத்தின் பெருந்தொழிலகமாக அது வளர்ந்தது. 1990இல் இரு யேர்மனிகளும் ஒன்றானபின் அது தனியார் கைக்கு மாறிற்று. முதலில் வாங்கிய பிரேமர் வுல்கான் என்னும் கம்பனி 1996இல் வீழ்ந்தது. கிழக்குத் தளங்களைப் புதுப்பிப்பதற்கென வழங்கப்பட்ட பொதுப்பணத்தின் பெரும்பகுதி மேற்கிலுள்ள கிளைகளுக்குத் திருப்பப்பட்டமை அப்பொழுது வெளியாயிற்று. பின்னர் வந்த உரிமையாளருள் ஒருவர் 2009இல் வங்குரோத்தானார். இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்துள்ளே பெயர்ப்பலகை பலமுறை மாறியது. தளத்திலே வேலைசெய்த குடும்பங்கள் மாறவில்லை.

2016ஆம் ஆண்டில் விஸ்மார், வார்னமுண்டே, ஸ்திரால்சுந்து ஆகிய மூன்று தளங்களையும் கெந்திங் ஹொங்கொங் என்னும் கப்பற் கம்பனி வாங்கி, 'எம்.வி. வெர்ஃப்டன்' எனப் பெயரிட்டது. உல்லாசக் கப்பல் நடத்துவோர் கட்டுந்தளத்தை விலைக்கு வாங்குதல் வழக்கமன்று. எனினும் அக்காலத்தில் ஐரோப்பாவின் பெருந்தளங்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே வேலைகளை ஏற்றுக்கொண்டு நிரம்பியிருந்தன. காத்திருப்பதிலும் தானே கட்டுவது நன்று என அக்கம்பனி கருதியது. ஆசியப் பிரயாணிகளுக்கென 2,08,000 தொன் கொள்ளளவும் 342 மீற்றர் நீளமும் உடைய இரு கப்பல்கள் திட்டமிடப்பட்டன. நெருங்கி ஏற்றினால் ஒவ்வொன்றும் 9,500 பிரயாணிகள் வரை கொள்ளும். 2018 மார்ச் மாதத்திலே முதல் உருக்குத் தகடு வெட்டப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஏரா இடப்பட்டது. 2019 நவம்பரில் 200 மீற்றருக்கு மேற்பட்ட நடுப்பகுதி வார்னமுண்டேயிலிருந்து கடல்வழியே விஸ்மாருக்கு இழுத்து வரப்பட்டது. 2020இல் எனப்பட்ட கையளிப்பு 2021இற்குத் தள்ளப்பட்டது. அது வரையும் இது சாதாரண தாமதமே.

2020ஆம் ஆண்டின் தொற்றுநோய் உலகெங்கும் உல்லாசப் பிரயாணத்தை நிறுத்திற்று. சாதாரண ஒப்பந்தமாயின் வாங்குபவர் வேறு, கட்டுபவர் வேறு. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்குவதற்கு இடமுண்டு. இங்கோ இருவரும் ஒருவரே. ஓடுகின்ற கப்பல்களிலிருந்து வந்த வருவாயே கட்டப்படும் கப்பலுக்குரிய செலவாக இருந்தமையால், முன்னது நின்றதும் பின்னதும் நின்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே தளங்களில் வேலை நிறுத்தப்பட்டது. ஓகஸ்டில் கெந்திங் ஹொங்கொங் தன் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. யேர்மன் அரசாங்கத்தின் நிதியுதவியால் வேலை மீண்டும் தொடங்கினும், உறுதி பிறக்கவில்லை.

2022 ஜனவரியில் இறுதிப் பேச்சு நடந்தது. கம்பனி 6 கோடி யூரோவைத் தன் பங்காக இடுமாயின் 60 கோடி யூரோ வரை உதவுவதாக யேர்மன் கூட்டரசு கூறிற்று. உரிமையாளர் அதற்கு உடன்படவில்லை. தாம் முன்னரே பெருந்தொகை இட்டுள்ளதாகவும், மாநில அரசு உறுதியளித்த 8 கோடியே 80 இலட்சம் டொலரை விடுவிக்க வேண்டுமெனவும் அவர்கள் வாதிட்டனர். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஜனவரி 10ஆந் திகதி கட்டுந்தளக் கம்பனி வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது. சில நாட்களுள் தாய்க் கம்பனியும் அவ்வழியே சென்றது. அப்பொழுது கப்பலின் வேலை நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு முடிந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போலாயிற்று. ஏறத்தாழ 2,000 தொழிலாளர் நிலை கேள்விக்குறியாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் பயிற்றும் இடைக்கால அமைப்பொன்றுக்கு மாற்றப்பட்டனர்.

முற்றுப்பெறாத கப்பலை வேறொருவர் வாங்கி முடித்தல் எளிதென எண்ணுவோர் உளர். அஃது எளிதன்று. அக்கப்பல் ஒருவருடைய தேவைக்கும் ஒரு சந்தைக்கும் ஏற்ப வரையப்பட்டது. மற்றவருக்கு அதன் அறையமைப்பே பொருந்தாது. நின்றுபோன காலத்திலே கருவிகளுக்குரிய உத்தரவாதங்கள் காலாவதியாகும். எக்குழாய் எங்கே முடிக்கப்படாது விடப்பட்டது என்பதை அறிந்த கைவினைஞர் கலைந்து செல்வர். வரைபடம் காட்டாத அறிவு அவர்களோடு போய்விடும். விஸ்மாரிலே கட்டுந்தளத்தையே 2022 யூனில் போர்க்கப்பல் கட்டும் கம்பனியொன்று வாங்கிவிட்டமையால், கப்பலுக்கு நிற்க இடமும் உறுதியாயில்லை. விலைபேச வந்தோர் பின்வாங்க, அதனை உடைத்து இரும்பாக விற்பதா என்னும் பேச்சும் எழுந்தது. இரண்டாவதாகத் திட்டமிட்ட கப்பல் ஒருபோதும் முற்றுப்பெறவில்லை.

இத்தகைய நிலை வரலாற்றிற் புதிதன்று. ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்கில் 1930 டிசெம்பரிலே குனாட் கம்பனிக்காக ஒரு பெருங்கப்பலின் கட்டுமானம் தொடங்கிற்று. அதற்குப் பெயர் இடப்படவில்லை. 534 என்னும் எண்ணே வழங்கியது. உலகப் பொருளாதார மந்தத்தினால் 1931 டிசெம்பர் 11ஆந் திகதி வேலை திடீரென நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேர் வீடு திரும்பினர். இருபத்தேழு மாதங்கள் அவ்விரும்புடல் ஊரின் வீடுகளுக்கு மேலாக உயர்ந்து, வேலையற்றோர் கண்முன்னே துருப்பிடித்து நின்றது. ஈற்றில் பிரித்தானிய அரசாங்கம் 95 இலட்சம் பவுண் வரை கடனுதவ முன்வந்தது; ஆனால் குனாட் தன் போட்டியாளரான வைட் ஸ்டார் கம்பனியோடு இணைதல் வேண்டுமென நிபந்தனை விதித்தது. 1934 ஏப்பிரலிலே வேலை மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 26இல் நீரில் இறங்கி, 1936 மே மாதத்தில் முதற்பயணம் சென்ற அக்கப்பலே 'குயின் மேரி'. அதனைக் காப்பாற்றியவை இரண்டு: தெளிவான நிபந்தனையோடு கூடிய பொதுப்பணம், கலைந்துபோகாது அண்மையிலேயே வாழ்ந்த தொழிலாளர்.

விஸ்மார்க் கப்பலுக்கு உதவி வேறு திசையிலிருந்து வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் டிஸ்னி கம்பனி, செலவான தொகையோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த விலைக்கு அதனை வாங்கியது. அதே மண்டபத்தில் அதனைக் கட்டி முடிக்கும் பொறுப்பு, 1795ஆம் ஆண்டு முதல் பாப்பன்பேர்க்கிற் கப்பல் கட்டிவரும் மேயர் வெர்ஃப்ட் தளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 'டிஸ்னி அட்வெஞ்சர்' எனப் பெயர் மாற்றப்பட்டது. சிங்கப்பூர் அதன் தாய்த்துறையாகத் தெரிவுசெய்யப்பட்டது. 9,500 பேருக்கென எண்ணப்பட்ட இடம் ஏறத்தாழ 6,700 பேருக்கென மாற்றியமைக்கப்பட்டது. கட்டியதைக் கலைத்து மீண்டும் கட்டுதலாகிய இவ்வேலை, புதிதாகக் கட்டுதலினும் பொறுமையை வேண்டுவது.

காப்பாற்ற வந்தவரும் அதே சுழலில் அகப்பட்டமைதான் இவ்வரலாற்றின் விந்தை. தொற்றுநோய்க்கு முன்னர் நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட கப்பல்களை, உருக்கும் எரிபொருளும் விலையேறிய பின்னர் கட்டவேண்டியிருந்தது. எண்பது பங்கு விலையும் இறுதியிலேயே வரவேண்டியிருந்தது. ஆகவே மேயர் வெர்ஃப்ட் 2024இல் வீழும் நிலையை அடைந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் யேர்மன் கூட்டரசும் கீழ்ச் சக்சனி மாநிலமும் சேர்ந்து 40 கோடி யூரோ இட்டு, நூற்றுக்கு எண்பது பங்கு உரிமையைத் தம்வசப்படுத்தின.

டிஸ்னி அட்வெஞ்சரின் முதற்பயணம் 2025 டிசெம்பர் 15 என அறிவிக்கப்பட்டுச் சீட்டுகளும் விற்கப்பட்டன. அத்திகதிக்கு மூன்று மாதங்களுக்குச் சற்று முன்னர், கட்டுமானத்துக்குக் கூடுதற் காலம் வேண்டுமெனக் கூறி, 2026 மார்ச் 10ஆந் திகதிக்கு அது தள்ளிவைக்கப்பட்டது. விடுமுறை பெற்று, விமானச் சீட்டும் வாங்கிவைத்த குடும்பங்கள் பல ஏமாற்றமடைந்தன. அவர்களுடைய மனத்தாங்கல் நியாயமானதே. எனினும் ஏரா இட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுகளும், இரு உரிமையாளரும், இரு கட்டுநரும், ஒரு வங்குரோத்தும் கண்ட கப்பலுக்கு மூன்று மாதம் சிறியதோர் இடைவெளியாகும். சோதனை முற்றுப்பெறாத கப்பலிற் பல்லாயிரம் உயிர்களை ஏற்றுவதிலும், குறித்த நாளைத் தவறவிடுவதே பொறுப்புடைய செயல்.

கட்டுமானத்திலுள்ள கப்பலுக்கு அறிவிக்கப்படும் திகதி ஒரு மதிப்பீடேயன்றிச் சத்தியமன்று. அம்மதிப்பீடு தவறும்போது இழப்பு எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. பிரயாணி பணத்தைத் திரும்பப் பெறலாம். கம்பனி பெயரை மாற்றிக்கொள்ளலாம். வங்கி தன் பங்கை எழுதித் தள்ளிவிடலாம். இருபது ஆண்டு ஒட்டுவேலை பழகிய கையை உடையவன் வேறொன்றுக்கு மாறுதல் அவ்வளவு எளிதன்று. வரி செலுத்துவோன் இட்ட பணமும் திரும்புவது அரிது. ஆதலால் அரசாங்கம் கப்பற்றொழிலுக்கு உதவ முற்படும்போது, கப்பலை மட்டுமன்றி அதனைக் கட்டும் கைகளையும் காக்கும் நிபந்தனைகளை முதலிலேயே விதித்தல் வேண்டும். கிளைட்பாங்கிலே அந்த நிபந்தனை காலந்தாழ்த்தியேனும் வந்தது. விஸ்மாரிலே கப்பல் பிழைத்தது. அதனைத் தொடங்கிய தொழிலாளருட் பலர் அது முடிவெய்துமுன்னரே தளத்தை விட்டுப் போயிருந்தனர்.